சுங்கை சிப்புட்டை விட்டுப் போவதென்றால், பாட்டோடும் வாத்தியத்தோடும் வாழ ஏற்ற ஊர் எது?

செம்பனை ஓர வீடு (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். குடும்பத்தோடு ஊர் மாறுவது பற்றி உங்கள் கருத்தைக் கேட்க வந்திருக்கிறேன். எங்கள் வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து சற்று உள்ளே, ஒருகாலத்தில் பால்மரக்காடாக (ரப்பர்த் தோட்டமாக) இருந்து இப்போது முழுக்கச் செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. என் தாத்தா இங்கே பால்மரம் சீவியவர். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டு முதலாளிகள் புறப்பட்ட காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் கூலியை மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆகவே இந்த மண்ணை விட்டுப் போவது எங்களுக்கு இலேசான முடிவு அன்று.

போகத் தூண்டுவது இசை. நான் மிருதங்கம் வாசிப்பவன். தொழில் கட்டட வரைபடம் போடுவது. அது பெரும்பாலும் வீட்டிலிருந்தே நடக்கிறது. மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மகளுக்கு ஒன்பது வயது, நான்கு ஆண்டுகளாக வயலின் கற்கிறாள். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஈப்போவிலிருந்து வாரம் தவறாமல் வந்து கோயில் மண்டபத்தில் வகுப்பெடுத்த எங்கள் வாத்தியார், முழங்கால் வலி காரணமாகச் சென்ற தைப்பூசத்தோடு வருவதை நிறுத்திக்கொண்டார். அந்த வகுப்பில் ஒருகாலத்தில் பாய் விரிக்க இடமில்லாமல் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி நாளன்று மொத்தம் நான்கு பேர் இருந்தோம்.

மகளை இணையவழி வகுப்பு ஒன்றில் சேர்த்திருக்கிறோம். ஆசிரியர் நல்லவர், திறமையானவர். ஆனால் ஒலி ஒரு கணம் பிந்தி வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடிவதில்லை. அவர் வாசித்து நிறுத்துகிறார், பிறகு இவள் வாசிக்கிறாள். இன்னொருவருடைய வில்லோடு தன் வில்லைச் சேர்த்து இழுக்கும் பழக்கம் அவளிடமிருந்து மெல்லப் போய்க்கொண்டிருப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். என் நிலையும் அதுதான். பாடுபவர் இல்லாமல் தனியாக மிருதங்கம் வாசித்து வாசித்து, கை வேகம் கூடுகிறது, காது மந்தமாகிறது.

கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு ஆகியவை எங்கள் பேச்சில் அடிபடுகின்றன. சென்னைக்கே போய்விடலாமா என்றும் ஓர் இரவு பேசினோம். மகள் தமிழ்ப்பள்ளியிலேயே தொடர வேண்டும். மனைவிக்கு மாற்றல் கிடைக்க வேண்டும். மாநிலத்திற்குள் கேட்பதைவிட மாநிலம் விட்டுக் கேட்பது கடினம். அம்மாவும் அப்பாவும் இங்கேதான் இருப்பார்கள், அவர்களுக்கு ஒன்றென்றால் அன்றே வந்து சேர வேண்டும். அந்தந்த ஊரில் வாழ்ந்தவர்கள் எழுதுங்கள்.

தோரண வாயில் (கோலாலம்பூர்)

வணக்கம் ஐயா. கோலாலம்பூரைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் பீடோரிலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறியவள். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இங்கே நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், தபலா, பரதம், ஒடிசி என்று ஒரே கூரையின் கீழ் பிள்ளைகள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதைப் பார்ப்பதே ஒரு நிறைவு. அங்கேயே அரங்கமும் இருப்பதால், கற்கும் பிள்ளை பார்வையாளராகவும் வளர்கிறது. தித்திவங்சாவில் ரம்லி இப்ராகிம் 1983இல் தொடங்கிய சூத்ரா நடனக்குழு இருக்கிறது. மலாய்க்காரர் ஒருவர் ஒடிசியையும் பரதத்தையும் தம் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டதை உங்கள் மகள் நேரில் பார்க்க வேண்டும். நம் கலையைப் பற்றிய அவளுடைய எண்ணமே அதனால் விரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன். வயலின் கற்கும் பிள்ளை அதே கருவி மேற்கத்திய இசையில் எப்படி ஒலிக்கிறது என்பதையும் கேட்டு வளர வேண்டும். இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கில் 1998 முதல் மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்து வருகிறது. என் மகனை முதன்முதலில் அங்கே அழைத்துச் சென்றபோது, வயலின்காரர்கள் எல்லாரும் வில்லை ஒரே திசையில் ஏற்றி இறக்குவதைப் பார்த்து அவன் மூச்சுவிடாமல் இருந்தான். வீட்டுக்கு வந்ததும் தன் வில்லின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் பழக்கத்தைத் தானாகவே விட்டான். ஓராண்டாக ஆசிரியர் சொல்லித் திருத்த முடியாதது அது.

செந்தூலில் பழைய ரயில் பட்டறை வளாகத்தில் 2005இல் திறக்கப்பட்ட நிகழ்கலை மையமும் இருக்கிறது. வாடகை அதிகம் என்பதை மறுக்கவில்லை. கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ வந்துவிடலாம் என்பதால் பெற்றோரைப் பற்றிய கவலையும் ஓரளவு குறையும்.

ரவாங் ரயில் (சிலாங்கூர்)

தோரண வாயில் அக்கா சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் அது பிரிக்பீல்ட்ஸில் வீடு உள்ளவர்களுக்கு உண்மை. நாங்கள் அங்கே வாடகை கட்ட முடியாமல் ரவாங்கில் இருக்கிறோம். மகனுக்கு ஆறரை மணி வகுப்பு. பள்ளி விட்டு, சாப்பிட்டு, ரயிலேறி, வகுப்பு முடிந்து வீடு திரும்ப இரவு பத்தாகிவிடும். முதல் ஆண்டு வாரம் இரண்டு நாள் போனோம். அடுத்த ஆண்டு ஒரு நாளாயிற்று. இப்போது சனிக்கிழமை மட்டும் போகிறோம். சுங்கை சிப்புட்டில் வாரம் ஒருமுறை வாத்தியார் வந்தது போலத்தான் இதுவும், வாடகைதான் கூடுதல்.

மிருதங்கம் வாசிக்கிறீர்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். நாங்கள் முதலில் இருந்த அடுக்குமாடி வீட்டில் மாலை ஏழு மணிக்கு என் தம்பி கஞ்சிரா எடுத்தாலே கீழ்வீட்டார் கதவைத் தட்டுவார். நிர்வாகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தச் சுவர் அப்படி. வாசிக்க இடம் இல்லாத நகரத்தில் எத்தனை அரங்கம் இருந்து என்ன?

உறுமி (சுங்கை சிப்புட்)

அண்ணே, உங்களை எனக்கு நேரில் தெரியும். கோயில் திருவிழாவில் நீங்கள் எங்கள் குழுவைப் பாராட்டிப் பேசியது நினைவிருக்கிறது. அந்த உரிமையில் கேட்கிறேன். இந்த ஊரில் இசை இல்லை என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்கள் பதிவைப் படிப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். எங்கள் உறுமி மேளத்தில் பதினாறு பேர் இருக்கிறோம். உறுமி, தவில், பம்பை, ஜால்ரா, சங்கு. வாரத்தில் மூன்று இரவுகள் பயிற்சி. பதினோரு வயதுப் பையன் ஒருவன் வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து அந்த உறுமலை எழுப்பக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் எடுத்தான். எண்ணெய் தடவிய தோலில் குச்சி எப்போது வழுக்கும், எப்போது பிடிக்கும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது, கை கண்டுபிடிக்க வேண்டும். இது கலை இல்லையா?

ஊரைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசும்போது எப்போதும் இசைச் சபா, அரங்கம், அகாடமி என்றே கணக்குப் போடுகிறார்கள். கிள்ளானிலும் செந்தூலிலும் தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் போய்ப் பாருங்கள். எத்தனை குழுக்கள், எத்தனை பிள்ளைகள். படித்தவர்களும் கற்றவர்களும் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போய்விட்டால், இங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு லயம் சொல்லித் தர யார் மிச்சம் இருப்பார்கள் என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

செம்பனை ஓர வீடு

தம்பி, உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. உறுமி மேளத்தைக் குறைத்து நினைத்தவன் அல்லன் நான்; நான் முதலில் தாளம் கேட்டது சங்கீத வகுப்பில் அன்று, மாரியம்மன் திருவிழாவில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் முன் வந்த தவிலில்தான். ஆனால் என் மகளுக்கு வேண்டியது வயலின் வாசிக்கும் இன்னொருவர். அது இங்கே இல்லாமல் போய்விட்டது. உன் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று இரவுகள் பதினாறு பேர் இருக்கிறார்கள். அவளுக்கும் அப்படி நான்கு பேர் கிடைக்கும் ஊரைத்தான் தேடுகிறேன். நீ எழுதியதால் எனக்கே நான் கேட்க வந்தது தெளிவாயிற்று.

வீணை டீச்சர் (தைப்பிங்)

தம்பிக்கு ஆசிகள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வீணை சொல்லிக் கொடுக்கிறேன். கோலாலம்பூரில் பதினோரு ஆண்டுகள், பினாங்கில் ஆறு, மீதி தைப்பிங்கில். என் மாணவர்கள் பலர் இதே கேள்வியோடு வந்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஓர் ஊரைப் பார்க்கப் போகும்போது விழா நாளில் போகாதீர்கள், சனி ஞாயிற்றில் போகாதீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள். மாலை ஐந்து மணிக்கு நீங்கள் குடியிருக்கப்போகும் தெருவில் நில்லுங்கள். அங்கிருந்து பிள்ளையை ஆறு மணிக்கு ஆசிரியர் வீட்டில் விட்டு, எட்டு மணிக்கு வீடு திரும்பி, அவள் சாப்பிட்டு, பள்ளிப் பாடம் முடித்து, பத்து மணிக்குள் படுக்க முடியுமா என்று கடிகாரத்தைப் பாருங்கள். முடியுமென்றால் அந்த ஊரில் இசை வளரும். பெரிய கச்சேரிக்கு ஆண்டில் ஐந்தாறு முறை எவ்வளவு தூரமும் போய் வரலாம். அன்றாடப் பயிற்சியான சாதகத்திற்கு அப்படிப் போய் வர முடியாது.

இரண்டாவது, கருவியைப் பழுது பார்ப்பவர். இதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். வீணையில் ஸ்வரங்களுக்கான மெட்டுக் கட்டைகள் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. நம் நாட்டு வெயிலில் காருக்குள் ஒரு மணி நேரம் வைத்தால் மெழுகு இளகி மெட்டு அசைந்துவிடும், பிறகு காந்தாரம் காந்தாரமாக ஒலிக்காது. இந்தத் தைப்பிங் மழையில் மிருதங்கத் தோல் ஈரம் குடித்துச் சுருதி இறங்குவதும், வயலினின் ஒட்டு விடுவதும் உங்களுக்குத் தெரியாததன்று. உங்கள் மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை என்னும் கரும்பூச்சு பெயர்ந்தால் எங்கே கொண்டு போகிறீர்கள்? வார் இழுத்து, மூட்டு என்னும் தோல்முகத்தை மாற்றி, கிட்டான் கல்லை அரைத்துச் சோற்றோடு பிசைந்து சுற்றுச் சுற்றாக ஏற்றித் தேய்க்கத் தெரிந்தவர் இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார். அவர் எந்த ஊரில் இருக்கிறார், அல்லது அவரிடம் கருவியைக் கொண்டு சேர்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்து வையுங்கள். நட்டு போல்ட் வைத்த மிருதங்கம் சுருதி சேர்க்க வசதிதான். கரணை பெயர்ந்தால் அதற்கும் அதே கைதான் வேண்டும்.

மூன்றாவது, பாடுபவர்கள். சுருதியில் பெண் குரல் ஐந்து கட்டை, ஆண் குரல் ஒரு கட்டை. இரண்டுக்கும் வாசிக்க இரண்டு மிருதங்கம் வைத்திருப்பீர்கள். இப்போது உங்கள் வீட்டில் எந்த மிருதங்கம் உறையில் இருக்கிறது, எத்தனை மாதமாக இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் உறையை விட்டு வெளியே வரும் ஊர் எதுவோ அதுவே உங்களுக்கு ஏற்றது.

வீட்டைப் பொறுத்தவரை ரவாங் தம்பி சொன்னது சரி. வரிசை வீட்டில் நடுவீடு எடுக்காதீர்கள், இருபுறமும் பொதுச்சுவர். மூலை வீடு கிடைத்தால் வாடகை சற்றுக் கூடினாலும் எடுங்கள். குடி போன அன்றே அண்டை வீட்டாரைச் சந்தித்து, வாசிக்கும் நேரத்தைச் சொல்லி, அதை மீறாமல் இருங்கள். என் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, நான் இரண்டு நாள் வாசிக்காமலிருந்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்க வந்துவிடுவார்.

மார்கழிப் பயணி (கோலகங்சார்)

சென்னையைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகள் அங்கே தங்கி வாய்ப்பாட்டுக் கற்றேன். 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி, ருக்மிணி தேவி 1936இல் நிறுவிய கலாக்ஷேத்ரா, தெருவுக்கொரு சபா. 2017இல் யுனெஸ்கோ தன் படைப்பு நகரங்கள் வரிசையில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. மார்கழியில் ஒரே நாளில் காலையில் செயல்விளக்கம், நண்பகலில் இளம் கலைஞரின் கட்டணமில்லாக் கச்சேரி, மாலையில் அடுத்தடுத்து இரண்டு பெரிய கச்சேரி என்று கேட்டுவிட்டு, சபா உணவகத்தில் சாப்பிட்டபடி அன்றைய தோடி ராகத்தைப் பற்றி முன்பின் தெரியாதவர்களோடு வாதம் செய்த நாட்களை இன்றும் நெஞ்சில் வைத்திருக்கிறேன். நாம் இங்கே பத்துப் பேரிடம் சொல்லி விளக்க வேண்டியதை அங்கே பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஏற்கெனவே அறிந்திருக்கிறார். அந்த நிம்மதிக்கு ஈடு இல்லை.

ஆனால் குடும்பத்தோடு குடியேறுவது வேறு. நாம் அங்கே அயல்நாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள். விசா, வேலை, பள்ளி என்று ஒவ்வொன்றும் தனிப் போராட்டம். புகழ் பெற்ற ஆசிரியர்கள் ஆண்டில் சில மாதங்கள் வெளிநாட்டுப் பயணத்தில் இருப்பார்கள். என் ஆசிரியர் இல்லாத மாதங்களில் நான் வாடகை அறையில் ஒலிப்பதிவைப் போட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். அதை ஈப்போவிலிருந்தும் செய்திருக்கலாம் என்று ஓர் இரவு அழுதது உண்டு.

ஆகவே உங்கள் வீடு நம் நாட்டிலேயே இருக்கட்டும். பள்ளி விடுமுறை வாய்க்கும் ஆண்டுகளில் டிசம்பரில் மூன்று வாரம் மூவரும் போய் வாருங்கள். போகும்போது மிருதங்கத்தையும் கொண்டு போனால் மயிலாப்பூர்ப் பக்கம் மூட்டு மாற்றிக்கொண்டு வரலாம். வீணை டீச்சர் அம்மாவின் இரண்டாவது கவலைக்கு அது ஒரு வழி.

பாலத்துக்கு இப்பால் (ஜொகூர் பாரு)

சிங்கப்பூரை நினைத்து ஜொகூர் பாருவுக்கு வருவோருக்கு என் அனுபவம். சிங்கப்பூரில் 1949 முதல் இயங்கும் இந்திய நுண்கலைக் கழகம் இருக்கிறது. எஸ்பிளனேட் கலையரங்கில் ஆண்டுதோறும் கலா உற்சவம் நடக்கிறது. தரம் உயர்ந்தது, ஏற்பாடு ஒழுங்கானது. ஆனால் எல்லைப் பாலத்தைக் கடப்பதே எங்கள் மாலையைத் தின்றுவிடுகிறது. நான் அங்கே வேலைக்குப் போய்வருபவன். காலை நான்கரைக்கு எழுகிறேன். என் புல்லாங்குழல் வாரநாளில் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை. ஜொகூர் பாருவிலேயே நல்ல வகுப்புகள் உண்டு, அதற்காக மட்டும் வருவதென்றால் வாருங்கள். ஆனால் சுங்கை சிப்புட்டிலுள்ள பெற்றோருக்கு அன்றே போய்ச் சேர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நாட்டின் தென்கோடியிலிருந்து அது எளிதன்று.

படகுத்துறை (பட்டர்வொர்த்)

வணக்கம் சகோதரரே. பினாங்கைப் பற்றி இவ்வளவு நேரம் ஒருவரும் எழுதாதது எனக்கு வருத்தம்.

ஜார்ஜ்டவுன் 2008இல் மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியத் தளமானது. 2010 முதல் ஜார்ஜ்டவுன் விழா நடக்கிறது. டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸுக்கு இங்கேயும் கிளை உண்டு. ஹின் பேருந்து நிறுவனத்தின் பழைய பணிமனை 2014 முதல் ஓவியக் கூடமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கைவினைக்காரர்கள் கடை போடுகிறார்கள். குயின் தெருவில் 1833ஆம் ஆண்டு மாரியம்மன் கோயில். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் தண்ணீர்மலைக்குச் செல்லும் செட்டியார்களின் வெள்ளி ரதத்துக்கு முன்னால் நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தவர்களுக்கு, கச்சேரி என்பது நாற்காலியில் உட்கார்ந்து கேட்பது மட்டும் என்ற எண்ணம் வராது. உறுமித் தம்பிக்கும் இது உடன்பாடாக இருக்கும் என நம்புகிறேன்.

குறையையும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கிய பிறகும், பாரம்பரியத் தளம் என்ற பெயர் வந்த பிறகும், பழைய கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. அந்தத் தெருக்களில் தையல் கடை வைத்திருந்தவர்களும் பூக்கட்டியவர்களும் வெளியேறினார்கள். கலைஞர்களின் தெரு என்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் இடத்தில் ஒரு கலைஞர் வாடகை கட்டி வாழ்வது கடினம். தீவில் வீடு தேடினால் மனம் தளர்ந்துவிடும்.

நாங்கள் செய்தது பட்டர்வொர்த்தில் குடியிருப்பது. ரயில் நிலையமும் படகுத்துறையும் அருகருகே இருக்கின்றன. இப்போதைய படகில் கார் ஏறாது. நடந்து போவோரும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். கால் மணி நேரத்துக்குள் தீவில் இறங்கி, பத்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. என் இரு பிள்ளைகளும் அப்படித்தான் பாட்டு வகுப்புக்குப் போகிறார்கள். போகும்போது படகின் ஓரத்தில் நின்று ஸ்வரம் சொல்லிப் பார்த்துக்கொள்வார்கள். இயந்திர இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்பது அவர்கள் எண்ணம்.

கல்லுமலை அடிவாரம் (ஈப்போ)

ஈப்போவில் வாடகை குறைவு, மாற்றல் எளிது, பெற்றோர் அரைமணி நேரத் தூரம். இதற்கு மேல் நான் வாதாட மாட்டேன். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே எங்கள் ஊர் வகுப்புகளுக்கு வரலாம் என்பதும், வந்து பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்பதும் தெரிகிறது. முன்பு இருந்த ஆசிரியர்களில் பலர் பிள்ளைகளோடு சிலாங்கூருக்குப் போய்விட்டார்கள். வயலின் கற்க வரும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ள மனம் வலிக்கிறது, ஆனால் உண்மை.

செம்பனை ஓர வீடு (ஐந்து வாரங்களுக்குப் பிறகு)

எழுதிய எல்லாருக்கும் நன்றி. வீணை டீச்சர் அம்மா சொன்னபடியே செய்தோம். முதலில் கோலாலம்பூருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். எங்கள் கைக்கு எட்டும் வாடகை உள்ள பகுதியில் ஐந்து மணிக்கு நின்றோம். மகளின் வயலின் பெட்டியோடு வகுப்பு நடக்கும் இடத்தை அடைந்தபோது மணி ஆறு ஐம்பது. அரங்கத்தைப் பார்த்தாள், மிகவும் விரும்பினாள். திரும்பும் வழியில் ரயிலில் நின்றபடியே தூங்கினாள்.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை சுங்கை சிப்புட்டிலேயே ரயிலேறினோம். எல்லா ரயிலும் எங்கள் ஊரில் நிற்பதில்லை என்பதால் நேரம் பார்த்துப் போக வேண்டியிருந்தது. புக்கிட் மேரா ஏரியின்மேல் ரயில் போனபோது இருபுறமும் தண்ணீரைப் பார்த்து மகள் எழுந்து நின்றுவிட்டாள். பட்டர்வொர்த்தில் இறங்கி, படகுத்துறை அம்மா குறிப்பிட்ட தெருக்களைப் பார்த்தோம். ஐந்து மணிக்கு அங்கிருந்து புறப்பட்டு, படகேறி, ஜார்ஜ்டவுனில் ஓர் ஆசிரியையின் வீட்டு வகுப்பில் ஐந்தே முக்காலுக்கு உட்கார்ந்தோம். ஏழு பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களில் மூன்று பேர் வயலின். மோகன ராக வர்ணம் எடுத்தார்கள். ஆசிரியை மகளையும் வாசிக்கச் சொன்னார். முதல் இரண்டு ஆவர்த்தனம் அவள் மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு தனியாக வாசித்தாள். இணைய வகுப்பின் பழக்கம் அது. ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் தம் நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவளுடைய வில்லின்மேல் கண் வைத்துக்கொண்டு சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார். மூன்றாம் முறையில் அவளும் சேர்ந்துவிட்டாள். வர்ணத்தின் முத்தாயி ஸ்வரத்தில் பிள்ளைகளின் நான்கு வில்லும் ஒன்றாக இறங்கியபோது என்னால் அங்கே உட்கார முடியவில்லை, வெளியே வந்து நின்றேன்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை என்னிடம், வியாழக்கிழமைகளில் பெரியவர்கள் நான்கைந்து பேர் கூடிப் பாடுவதாகவும், மிருதங்கத்துக்கு ஆள் இல்லாமல் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். ஐந்து கட்டைக்கா ஒரு கட்டைக்கா என்று கேட்டேன். இரண்டுக்கும் என்றார்.

கருவி பழுது பார்ப்பவர் பினாங்கிலும் இல்லை. ஆண்டுக்கொருமுறை தமிழகத்துக்குப் போய்வரும் ஒருவர் எல்லாருடைய மிருதங்கத்தையும் சேர்த்துக் கொண்டுபோவாராம். அதில் என்னுடையதும் சேரும். வாடகைக்கு மூலை வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறோம். பக்கத்து வீட்டார் ஒரு மலாய்க் குடும்பம், தொழுகை நேரம் தவிர எப்போது வேண்டுமானாலும் வாசியுங்கள் என்றார்கள், நானும் அந்த நேரங்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். மனைவி மாற்றல் விண்ணப்பம் போட்டுவிட்டாள். அது வரும்வரை வாரத்தில் இரு நாள் ரயிலில் போய்வருவதாக முடிவு. வரவில்லையென்றால் பேராக் எல்லைக்குள்ளேயே இருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில் வசதியும் உள்ள பாரிட் புந்தாரைப் பார்ப்போம்.

உறுமித் தம்பிக்கு: மாதத்தில் ஒரு சனிக்கிழமை அப்பா அம்மாவைப் பார்க்க வருவேன். அன்று மாலை உங்கள் பயிற்சிக்கு வந்து, உன் பிள்ளைகளுக்குத் தாளச் சொற்கட்டும் கணக்கும் சொல்லித் தருகிறேன். நீ இதை எழுதாமல் இருந்திருந்தால் எனக்குத் தோன்றியிருக்காது.

உறுமி

சரி அண்ணே. முதல் சனிக்கிழமை என்றால் எங்களுக்கு வசதி. ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள், நிலையத்துக்கு வேன் கொண்டு வருகிறேன். மிருதங்கத்தை மோட்டார் சைக்கிளில் ஏற்ற வேண்டாம்.